கணினியிலும் கோரம் உண்டு

சங்கப் பொதுக்கூட்டத்துக்குக் ‘கோரம்’ சேராமல் காத்திருந்தவர்கள்தாமே நாம்! கணினிகளும் அப்படியே.

காஜாங்கில் ஒரு வாடகை வீடு. ஏழு மாணவர்கள், ஒரே சலவை இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தலைவர் இல்லை, பேச்செல்லாம் குறுஞ்செய்தியில். ரிக்கார்ட், அகர்வாலா இருவரின் 1981ஆம் ஆண்டு முறைப்படி, மற்ற அறுவரையும் கேட்க வேண்டும்: 12 செய்திகள். மாணவர்களைக் கணினிகளாகவும் இயந்திரத்தைப் பொதுக் கோப்பாகவும் கொண்டால், இதுவே பகிர்வுக் கணினியத்தின் சிக்கல்.

1985இல் மாமோரு மயேகாவா, தன்னையும் சேர்த்து மூவரின் சம்மதம் போதும் என்றார். முதலாமவருக்கு 1, 2, 3. இரண்டாமவருக்கு 2, 5, 7. மூன்றாமவருக்கு 3, 4, 7. அடுத்தவர்களுக்கு 1, 4, 5. 3, 5, 6. 2, 4, 6. 1, 6, 7. எந்த இரு குழுவிலும் ஒருவர் பொது. அவர் ஒரு சமயத்தில் ஒருவருக்கே சம்மதம் தருவார். ஆகவே இருவர் துவைக்க முடியாது. கேட்க, தர, விடுவிக்க 6 செய்திகள்.

ஆனால் வம்பு இங்கேதான். 2இன் சம்மதம் முதலாமவரிடம். அவர் 3க்குக் காத்திருக்கிறார். 3இன் சம்மதம் மூன்றாமவரிடமே. அவர் 7க்குக் காத்திருக்கிறார். 7இன் சம்மதம் இரண்டாமவரிடம். அவருக்கோ 2 வேண்டும். மூவரும் அழுக்குத் துணியோடு நிற்க வேண்டியதுதான்! இந்த முட்டுக்கட்டையைத் தீர்க்க, வேண்டுகோள்களுக்கு வரிசை எண் உண்டு. முந்திய எண் வந்தால், கொடுத்த சம்மதத்தைத் திருப்பிக் கேட்கலாம். வேறிடத்தில் சம்மதம் கிடைக்காதவர் அதை விட்டுத்தர வேண்டும். அப்போது செய்திகள் 10 வரை ஏறும். அதுவும் 12ஐ விடக் குறைவே.