அவிழ்ப்பதற்கென்றே இடும் தையல்

சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பழஞ்சேலைகளைக் கொண்டு போர்வை ஒன்று தைக்க முற்பட்டனர். வீட்டுக்கொரு சேலை வந்தது. அவற்றுள் ஒன்று, ஒரு மாணவியின் பாட்டியார் பால்வெட்டுக்குச் சென்ற காலத்தில் உடுத்திய பருத்திச் சேலை. அவ்வம்மையார் இன்று நம்மிடையே இல்லை. சேலைகளை அடுக்கி, பூப்போன்ற சிறு தையல்களால் பிள்ளைகள் ஆர்வத்துடன் தைத்தனர். முடித்து விரித்துப் பார்த்தபோது நடுப்பகுதி புடைத்து நின்றது. அடித்துணியோ பல இடங்களில் மடிந்து, மடிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. தையலைப் பிரித்தோம். நைந்த சேலை ஊசித்துளைகளின் வழியே கிழிந்தது. அம்மாணவியின் கண்கள் கலங்கியதை நாம் மறக்கவில்லை. அக்குறை பிள்ளைகளுடையதன்று. தைப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுக்காத நம்முடையது. ஆகவே, அம்முறையை இம்மலரில் விளக்க முற்படுகிறோம்.

அடுக்குப் போர்வை என்பது பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது. மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்பன அவை. இவற்றைப் பிணைக்கும் நிலையான தையலுக்கு முன்னர், அடுக்குகள் நகராதிருக்கும் பொருட்டு நீண்ட நீண்ட இழைகளாக ஒரு தையல் இடப்படும். இதுவே தற்காலிகத் தையல். மலாய் மொழியில் இதனை ஜெலுஜூர் என்பர். வேலை முடிந்ததும் இதனை அவிழ்த்து எறிந்துவிடுவோம்.

அவிழ்க்கப்போகும் தையலை ஏன் இட வேண்டும்? துணி நழுவும் இயல்புடையது. ஊசி ஏறி இறங்குந்தோறும் மேல்துணி சிறிது முன்னே தள்ளப்படுகிறது. தையல் இயந்திரத்திலோ, அடியிலுள்ள பற்கள் அடித்துணியை இழுக்க, மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைத் தடுக்கிறது. ஒவ்வொரு தையலிலும் நேரும் நழுவல் மிகச் சிறியதே. ஆயினும், நூறு தையலுக்குப் பின் அது ஒரு மடிப்பாகத் திரண்டுவிடுகிறது. புதுத்துணியாயின் பிரித்துத் தைக்கலாம். பழஞ்சேலை இரண்டாம் முறை ஊசியைத் தாங்காது.

இனிச் செய்முறையைக் காண்போம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் மொழி. எல்லாத் துணிகளையும் துவைத்து, நன்றாக உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். அடித்துணி, மேல்துணியைக் காட்டிலும் நான்கு பக்கமும் 3 அங்குலம் பெரிதாக இருத்தல் நலம். சிமெந்துத் தரையைப் பெருக்கித் துடைத்து, அடித்துணியின் நல்ல பக்கம் தரையை நோக்குமாறு விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டுக. துணி சுருக்கமின்றிக் கிடக்க வேண்டும். ஆனால், விறைப்பாக இழுத்தலாகாது. இழுத்து ஒட்டிய துணி, நாடாவை எடுத்ததும் சுருங்கிப் போர்வையையும் சுருக்கிவிடும். அதன்மேல் நடுத்துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவிவிடுக. மேல்துணியையும் அவ்வாறே விரித்து, இடையிடையே ஊக்குகளைக் குத்துக.

தையலை நடுவில்தான் தொடங்க வேண்டும். இதுவே இம்முறையின் உயிர்நாடி. நடுவிலிருந்து தைத்துச் சென்றால், தளர்ந்த துணி ஓரத்தை நோக்கித் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். இரு ஓரங்களிலிருந்து தொடங்கினால், தளர்வு நடுவில் சிறைப்படும். நம் மாணவர்களின் போர்வை புடைத்ததற்குக் காரணம் இதுவே.

வெளிர் நிறப் பருத்தி நூலையே பயன்படுத்துக. கரும்நிற நூலின் சாயம் துணியில் இறங்கக்கூடும். நீண்ட நூலொன்றைக் கோத்து, அதன் பாதியை நடுவிலேயே விட்டுவைத்து, மறுபாதியால் ஓரம் வரை தைக்க வேண்டும். பின்னர் விட்டுவைத்த பாதியை ஊசியில் கோத்து எதிர்த்திசையில் தைக்கலாம். இதனால் நடுவில் முடிச்சு விழாது. தையலின் நீளம் சுமார் 2 அங்குலமும், வரிகளுக்கிடையே 4 அங்குலமும் இருந்தால் போதும். முதலில் கூட்டல் குறிபோல் இரு வரிகள், பின்னர் மூலைக்கு மூலை இரு வரிகள், அதன்பின் கட்டம் கட்டமாக மற்றவை, இறுதியில் ஓரத்தைச் சுற்றி ஒன்று. ஊசிமுனையை இடக்கையிலுள்ள தேக்கரண்டியின் விளிம்பால் தூக்கிவிட்டால் விரல் நோகாது. முடிந்ததும் போர்வையைப் புரட்டி, அடித்துணியை ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். பிழையிருப்பின், இந்நிலையில் ஒரு வரியை உருவினால் போதும், துணிக்குச் சேதமில்லை.

பழஞ்சேலைகளைப் போர்வையாக்கும் கலையில் வங்கத்துப் பெண்கள் பெயர் பெற்றவர்கள். காந்தா எனப்படும் அப்போர்வைக்கு, நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் தரையில் விரித்து, முதலில் பெரிய தையல்களால் பிணைத்துக்கொள்வர். நுண்தையலும் சித்திரமும் அதன் பின்னரே. வண்ண நூலையும் பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பது பண்டை வழக்கம். குருசதய் தத் (1882–1941) என்னும் அரசு அதிகாரி ஊரூராகத் திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் செல்வமாயின. அவற்றுள் ஒன்று, மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தையாருக்கெனத் தைத்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனத்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். அவ்வினப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையோ ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும். ஒவ்வொரு துணித்துண்டையும் தைக்கும்போதே வைத்து, மடித்து, கையால் சமன்செய்துகொள்வதால் அது அவர்களுக்குக் கைகூடுகிறது. அங்கே தற்காலிக நூலின் வேலையைப் பழகிய கை செய்கிறது. பழகாத நமக்கு நூலே துணை.

பாட்டியாரின் சேலை என்னாயிற்று என்று வாசகர் வினவலாம். கிழிந்த இடத்தின் அடியில் உறுதியான துணித்துண்டை வைத்து, இம்முறை நடுவிலிருந்து தற்காலிகத் தையலிட்டு, பிள்ளைகள் மீண்டும் தைத்தனர். ஒரு பகுதியின் நிலையான தையல் முடிந்தபின், அப்பகுதியின் நூலை மட்டும் ஆங்காங்கே கத்தரித்து மெல்ல உருவினர். போர்வை தட்டையாக விரிந்தது. கிழிசலின் ஒட்டு இன்றும் தெரிகிறது. அம்மாணவியின் தம்பி அதன்மேல் உறங்குகிறான்.

பெற்றோர்களே, பழஞ்சேலைகளை எறிந்துவிடாதீர்கள். தைக்கத் தெரிந்த தாய்மார்கள் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு தரையில் அமர்வார்களாயின் அது பெரும்பேறு. மாணவச் செல்வங்களே, முடிந்த போர்வையில் தற்காலிக நூலை எவரும் காணார். ஆயினும், அது பிடித்துக் கொடுத்த ஒழுங்கு போர்வை உள்ளளவும் நிற்கும். தொடக்கப்பள்ளியில் நீங்கள் பயிலும் ஆறாண்டுகளும், உங்கள் ஆசிரியர்களின் உழைப்பும் அத்தகையனவே.