கற்றளியும் படக்கருவியும்

தல யாத்திரை செல்வோர் கையில் இப்போது படக்கருவியும் செல்கிறது. தீபாராதனை வேளையிற் கைகூப்ப மறந்து படம் பிடிப்போரைக் கண்டு பலர் வருந்துகின்றனர். வருத்தம் நியாயமானதே. ஆயினும் கருவியை வாயிலோடு நிறுத்திவிட வேண்டும் என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று.

பொலன்னறுவையிலே 'சிவ தேவாலயம் இலக்கம் 2' எனத் தொல்பொருளியலார் எண்ணிட்ட கோயில் ஒன்றுண்டு. அதன் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். 11ஆம் நூற்றாண்டிற் சோழர் எடுத்தது. அடித்தளம் முதல் சிகரம் வரை கல்லாலானமையின் இன்றும் நிற்கிறது. உச்சி வெயிலில் அதன் சுவர் வெறுஞ் சுவராகவே தோன்றும். கதிரவன் தாழ்ந்திருக்கையில் ஒளி சுவரை உராய்ந்து சாய்வாக விழ, கல்வெட்டின் தமிழ் எழுத்துகள் தத்தம் நிழலோடு எழுந்து நிற்கும். அக்காட்சி நெடுநேரம் நில்லாது. அவ்வேளைக்காகக் காத்து நின்று எழுத்தைப் படத்திற் பதிப்பதை நான் வழிபாட்டின் ஒரு கூறாகவே கொள்கிறேன். மூலத்தானத்துள் என்னைத் தடுப்பார் எவருமில்லை. ஆனால் இலிங்கத்தின்மேல் யாரோ சாத்திய மலர் வாடாதிருந்தது. அங்கே கருவியை மூடிவிட்டேன்.

திருக்கோணேச்சரத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அதனை இடித்தபோது படக்கருவி என்பதே உலகில் இல்லை. 1950இற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும், 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியிற் கண்ட தூண் துண்டங்களுமே நமக்கு எஞ்சின. பழைய கோயிலின் விமானம் எவ்வாறிருந்தது என்பதை இனி ஊகிக்கத்தான் வேண்டும்.

இடிப்பவர் அந்நியராகவே இருக்க வேண்டுமென்பதுமில்லை. திருப்பணி என்ற பெயரில் நாமே பழஞ் சுதைகளைச் சுரண்டுகிறோம். கருங்கற் போதிகைகளுக்கு எண்ணெய் வர்ணம் பூசுகிறோம். கல்வெட்டுள்ள கல்லைத் தளவரிசையிற் புதைக்கிறோம். கும்பாபிஷேகம் முடிந்தபின் முந்திய கோலத்தை எவர் கூற வல்லார்?

ஆதலின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலிற் பாலஸ்தாபனம் நிகழுமுன் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். மூலவரை விடுத்துத் தூண், கோமுகை, அதிட்டானம், கல்வெட்டு யாவற்றையும் படமெடுக்கச் செய்யுங்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்தெடுப்பது நன்று. திகதியும் திசையும் குறித்து, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றைப் பாடசாலை நூலகத்திலும் வையுங்கள்.