விழுந்தவர் எழுந்து பேசினாலும்

மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "விழுந்ததும் அவனே எழுந்து வந்து பேசினானே, அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போகல." பைக்கில் சறுக்கி விழுந்த பிள்ளை வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கிறான். தலை வலிக்கிறது என்று படுக்கிறான். சில மணி நேரம் கழித்து எழுப்பினால் எழுவதில்லை. நன்றாகப் பேசியவனுக்கு எப்படி இப்படி ஆகும்?

மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. பெரியவர்களுக்கு அதற்குள் ஏறத்தாழ 1,400 கிராம் மூளையும், மூளையின் ரத்தமும், மூளையைச் சுற்றி நிற்கும் நீரும் இருக்கின்றன. எலும்பு விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே ஒன்று கூடினால் வேறொன்று குறைந்தே ஆக வேண்டும். இந்தக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783-லேயே அடித்தளம் போட்டுவிட்டார்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்க அதற்கு வழியில்லை. சில நிமிடம் ரத்தம் நின்றாலே சேதம்தான். அதனால் ரத்த அழுத்தம் ஏறினால் மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும், இறங்கினால் விரியும். நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மூளைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறாதிருப்பது இதனால்தான். பல வருடம் பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும், ஒரேயடியாகக் கூட்டிப் போடுவதும் ஆபத்து.

இப்போது அந்தப் பிள்ளையிடம் வருவோம். அடிபட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கசிகிறது. முதலில் மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. சிரைகளில் உள்ள ரத்தமும் வெளியேறுகிறது. அழுத்தம் ஏறுவதில்லை, அவனும் பேசுகிறான். விட்டுக்கொடுக்க இடம் தீர்ந்ததும், நிரம்பிய டிரங்குப் பெட்டியில் இன்னொரு சட்டையைத் திணிப்பது போலாகிவிடும். அதன்பின் கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் சட்டென்று எகிறும். புதிய ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் மூளை தவிக்கும்.

முதியவர்கள் விஷயம் வேறு. வயதில் மூளை சற்றுச் சுருங்குவதால் உள்ளே இடம் கூடுதல். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை எல்லோரும் மறந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தடுமாற்றமும் மறதியும் வரும். "வாப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு இது இன்னும் எளிதில் நேரும். எங்களுக்கு அதிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் ஸ்கேனில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

தலையில் அடிபட்டவருக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காது மூக்கில் தெளிந்த நீர் ஒழுகுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். உறங்கினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். தலைவலி மாத்திரையும் நாமாகக் கொடுக்க வேண்டாம். சிலவகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், நடுவில் நினைவு தப்பியதா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.