நெருஞ்சிக்கு டிராக்டர் வைத்தியம்

கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் மாதங்களில், மோகனூர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குத் தார்ச்சாலையால் தொந்தரவு இல்லை. வயலைவிட்டு வெளியே வருவதற்குள்தான் கண்டம். கூராகச் சீவிவிட்ட கரும்புக் கட்டை, வேலிக்கு வெட்டிப்போட்ட முள், துருப்பிடித்த ஆணி என்று எது வேண்டுமானாலும் காத்திருக்கும். டன் கணக்கில் கரும்பு சுமந்து நிற்கும் டிரெய்லரில் ஒரு டயர் இறங்கிவிட்டால், அதற்கு ஜாக்கி வைப்பதே பெரும்பாடு. இந்தத் தலைவலிக்காகவே உலகெங்கும் விவசாய வண்டிகளுக்கென்று ஒரு கெட்டித் திரவம் விற்கிறார்கள். டயருக்குள் முன்கூட்டியே ஏற்றிவிட்டால், முள் குத்திய ஓட்டையைத் தானாகவே அடைத்துக்கொள்ளும். பஞ்சர் ஜெல், பஞ்சர் லிக்விட் என்று கேட்டால் கடைக்காரர்களுக்குப் புரியும். டிராக்டரின் பின் டயர் இதை லிட்டர் கணக்கில் குடிக்கும் என்பதால் பெரிய கேன்களில், லிட்டருக்கு மலிவான விலையில் வருகிறது.

சைக்கிள்காரர்களின் கண் அந்தக் கேன் மீது விழுந்ததில் வியப்பில்லை. மவுன்டன் பைக்குக்கென்று வரும் வெளிநாட்டு சீலன்ட் அரை லிட்டர் பாட்டிலே ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஒரு சக்கரத்துக்குத் தேவையோ 100 மில்லியைச் சுற்றித்தான். டிராக்டருக்கு ஊற்றியதுபோகக் கேனின் அடியில் மிஞ்சுவதே ஒரு சைக்கிளுக்குப் போதும். அதை எடுத்து ஊற்றினால் வேலை செய்யுமா? செய்யும். ஆனால் எல்லாச் சைக்கிளுக்கும் அல்ல.

முதலில் முள்ளைப் பார்த்துவிடலாம். ஜேடர்பாளையம் தடுப்பணையிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்களில் ஒன்று மோகனூர் வாய்க்கால். இதுபோன்ற வாய்க்கால் கரைகளைவிடக் கியர் சைக்கிளுக்கு நல்ல பாதை இந்தப் பக்கம் கிடையாது. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் வாழையும் கரும்பும். வெயில் ஏறியதும் தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சள் பூ காட்டும் நெருஞ்சிதான் வில்லன். அதன் காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். துண்டுக்கு இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும். ஒருமுறை அந்தப் படர்வின் மேல் சக்கரத்தை விட்டால் ஒரே டயரில் பத்து ஓட்டை கூட விழும். பஞ்சர் கடையில் ஒட்டுக்கு ஒட்டுக் காசு கொடுத்தால், புது டியூப் விலை வந்துவிடும்.

இந்த நெருஞ்சி அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. பழைய உலகத்துச் செடியான அது, அங்கே குடியேறி மேற்கு மாநிலங்களின் சைக்கிள்காரர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆட்டுத்தலை என்று பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். 1961-ல் இத்தாலியிலிருந்து இதன் விதையையும் தண்டையும் தின்னும் வண்டுகளை வரவழைத்து விட்டுப் பார்த்தார்கள்; செடி ஒழியவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில், நெருஞ்சி பிடுங்குவதையும் சைக்கிள் ஊர்வலத்தையும் சேர்த்து ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள். பதிலுக்கு அமெரிக்கக் கண்டம் நமக்கு அனுப்பிவைத்தது சீமைக் கருவேலத்தை. யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டால் நமக்குத்தான் நஷ்டம் அதிகம். நெருஞ்சி முள் டயரின் மேல்பட்டை வழியாக மட்டும்தான் குத்தும். காய்ந்த கருவேல முள், பக்கச் சுவரையும் துளைத்து உள்ளே போகும்.

இனி பஞ்சரின் கதை. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை மோகனூரில் பிறந்த 1888-ம் ஆண்டில்தான் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, நாம் அறிந்த பஞ்சருக்கும் கவிஞருக்கும் ஒரே வயது. ஓட்டையைத் தானே அடைக்கும் திரவங்கள் சைக்கிள் உலகில் பரவலானதோ மிகவும் பிந்தித்தான். கலிஃபோர்னியாவில் பச்சை நிறத்தில் கொழகொழவென்று இருக்கும் ஸ்லைம் 1989-ல் வந்தது. பிரான்சின் மாவிக் நிறுவனம் மவுன்டன் பைக்குக்கு டியூப்லெஸ் சக்கரத்தை 1999-ல் கொண்டுவந்தது. அடுத்து 2001-ல் ஸ்டான் கோசியாடெக் என்பவர் நோடியூப்ஸ் என்ற பெயரில் ரப்பர் பால் கலந்த சீலன்டோடு கடை விரித்தார்.

ஸ்லைமும் நோடியூப்ஸும் இரண்டு தனித்தனிக் குலம். டிராக்டர் ஜெல், ஸ்லைமின் குலம். அதில் இருப்பது பெரும்பாலும் கிளைகால், அதாவது லாரி ரேடியேட்டர் கூலன்டில் இருக்கும் அதே சமாச்சாரம். கூடவே நார்த் துணுக்குகளும் ரப்பர் துகள்களும் துருப்பிடிக்காமலிருக்க மருந்தும். ஓட்டை விழுந்ததும் காற்று வெளியே பாயும் வேகத்தில் நாரும் துகளும் போய் அங்கே சிக்கி அடைத்துக்கொள்கின்றன. ஒட்டுவது கிடையாது, அடைப்பதுதான். நோடியூப்ஸ் வகையோ ரப்பர் மரத்துப் பால். அம்மோனியா சேர்த்திருப்பதால் டயருக்குள் திரவமாகவே இருக்கும். ஓட்டை வழியே சீறிக்கொண்டு வெளிவரும்போது உறைந்து நிஜ ரப்பராகவே மாறிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்துக்கு மரம் வடியும் பால், பாட்டிலில் ஏறிக் கப்பலில் வந்தால் நமக்கு ஆயிரம் ரூபாய்!

பால் வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. சில மாதங்களில் காய்ந்து, டயருக்குள் சுருண்ட தோலாகக் கிடக்கும். நாமக்கல் சுற்றுவட்டாரத்துச் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். கிளைகால் லேசில் காயாது; ஸ்லைம் நிறுவனம் இரண்டு வருடம் என்கிறது. வாரத்தில் ஒருநாள் மட்டும் சைக்கிளை எடுப்பவருக்கு இது பெரிய வசதி.

அப்படியானால் டிராக்டர் ஜெல்தானே புத்திசாலித்தனம்? நம் ஊரில் ஓடும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை பெயருக்குத்தான் மவுன்டன் பைக். டயர் தடி, ரிம் தடி, உள்ளே சாதாரண டியூப், பைக் டியூபில் இருப்பது போன்ற தடித்த வால்வு. இந்தச் சைக்கிளுக்கு விவசாய ஜெல் பொருந்தும். ஏற்கெனவே கனமான வண்டியில் சக்கரத்துக்கு நூறு கிராம் கூடினால் மிதிப்பவருக்குத் தெரியாது. பெரிய கற்றாழை நார்போல் துணுக்கு இல்லாத, நைஸான ஜெல்லாகப் பார்த்து வாங்கினால் போதும். வால்வு மூடியின் பின்புறப் பிளவால் உள் ஊசியைக் கழற்றி, கூர்மூக்குப் பாட்டிலால் பிழிந்துவிட்டு, ஊசியைத் துடைத்துப் பூட்டிக் காற்றடித்து உடனே ஓட்ட வேண்டும். ஓடினால்தான் ஜெல் சுற்றுமுழுக்கப் பரவும். பழைய கறுப்புச் சைக்கிளின் வால் டியூப் வைத்த வால்வுக்கு மட்டும் இது வேண்டாம். நார் போய் அந்தக் குட்டி ரப்பரில் அடைத்தால் காற்றே ஏறாது.

டியூபுக்குள் எல்லா ஓட்டையும் அடையும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. மெல்லிய டியூப் காற்றில் விரிந்திருப்பதால் ஓட்டையும் விரியும். 3 மில்லிமீட்டர்தான் எல்லை. நீளமான கருவேல முள் டியூபின் வெளிச்சுவரைக் குத்தி, ரிம் பக்கத்துச் சுவரையும் குத்திவிட்டால் கதை முடிந்தது. சக்கரம் சுழலும்போது ஜெல் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். ரிம் பக்கத்து ஓட்டைக்கு அது எட்டாது. குழியில் இறங்கி டியூப் ரிம்மில் நசுங்கினாலும் இதே நிலைதான்.

நிஜமான டியூப்லெஸ் மவுன்டன் பைக் என்றால் தீர்ப்பு மாறுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏற ஆசைப்பட்டு, லட்சத்தைத் தொடும் விலையில் எடை குறைந்த சைக்கிள் வாங்கியவர், சக்கரத்தின் ஓரத்தில் கூழை ஏற்றிச் சுற்றுவது வேடிக்கை. எடையைக்கூட மன்னிக்கலாம். டியூப்லெஸ் சைக்கிள் டயரின் பக்கச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பிலும் காற்று கசியும். ரப்பர் பால் அங்கெல்லாம் ஊறி உறைந்து பூசிவிடும். கெட்டி ஜெல் அசையாமல் அடியில் கிடக்கும், காலையில் டயர் இறங்கியிருக்கும். மெல்லிய பிரெஞ்சு வால்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இந்தச் சைக்கிளுக்கு விலை கொடுத்துப் பால் வகை வாங்குவதே சரி. இரண்டையும் கலந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளேயே திரிந்து கட்டியாகலாம்.

ஜெல் ஊற்றிய டியூபை மனதாரத் திட்டுகிறவர் பஞ்சர் கடைக்காரர். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கும்போதே பச்சைக் கூழ் வழியும். ஈரத்தின் மேல் சொல்யூஷன் பிடிக்காது, பிடித்தாலும் ஒட்டு உரிந்துவிடும். கிளைகால் நீரில் கரையும் என்பதால் தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து ஒட்டினால் நிற்கும். ஆனால் வரிசையில் நாலு பைக் நிற்கும்போது அதற்கு யாருக்குப் பொறுமை? ஜெல் போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. காற்றடிக்கும்போது வால்வை மேலே வைத்துக்கொள்வதும் அப்படித்தான். கீழே இருந்தால் கூழ் அவருடைய கேஜுக்குள் ஏறிவிடும்.

வழியில் நெருஞ்சி குத்தியிருப்பது தெரிந்தால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டியதில்லை. முள்ளே பாதி அடைப்பு. வீடு வந்து பிடுங்கும்போது அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினால் ஜெல் அங்கே தேங்கி, சிறிது நேரத்தில் சீறல் நிற்கும்.

மிஞ்சிய கேனை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அசட்டை கூடாது. பல ஜெல்களில் இருப்பது எத்திலீன் கிளைகால். இனிப்பாக இருக்கும், விஷம். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் போகும். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் டயரைக் கழுவும் பழக்கமுள்ள வீடுகளில், அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.