கிரிவலத்தில் 4 ஆயிரம் அடி மாயம்! திருடியது யார்?

திருவண்ணாமலை:-

மலையைச் சுற்றி வந்தது ஒரே ஆள். கையில் கட்டிய கடிகாரம் சொன்ன கணக்கு 17 ஆயிரத்து 200 அடி. சட்டைப் பையில் இருந்த செல்போன் சொன்னது 21 ஆயிரத்து 300 அடி. நடுவில் 4 ஆயிரத்து 100 அடியைக் காணோம்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

பவுர்ணமி முடிந்த அதிகாலை. ஈசானிய லிங்கம் பக்கம் ஒரு டீக்கடை. கிரிவலம் முடித்த ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை ஒருவர், கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்து விழித்துக் கொண்டிருந்தார். தோளில் 3 வயது மகள் தூங்கிக் கொண்டிருந்தாள். கூட வந்த மைத்துனருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ரெண்டையும் கூட்டிப் போடுங்க மாமா. ரெண்டு நாளைக்கு நடக்கவே வேணாம்!"

"கூட்டிப் போட்டுத்தான் போன மாசம் மாட்டிக்கிட்டேன் மச்சான்" என்றார் கணக்குப்பிள்ளை.

டாக்டர் கேள்வி

அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். போனில் ஒரு செயலி, கடிகாரத்துக்கு ஒரு செயலி. இரண்டும் மூன்றாவது செயலி ஒன்றில் கணக்கைக் கொட்டின. அது இரண்டையும் கூட்டிவிட்டது. நடந்தது 4 ஆயிரம். காட்டியது 8 ஆயிரம்!

"இவ்வளவு நடந்தும் சர்க்கரை குறையலையே" என்று டாக்டர் மாத்திரையைக் கூட்ட நினைத்தாராம். போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது.

இரட்டைக் கணக்கு வராமல் தடுக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. எந்தக் கருவியை முதலில் நம்புவது என்று வரிசை போட்டு வைக்கலாம். பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

கை ஆடவில்லை

சரி, கிரிவலத்தில் காணாமல் போன அடிகள் எங்கே?

இந்தக் கருவிகளுக்கு நம் கால் தெரியாது. உள்ளே அசைவை உணரும் சின்னஞ்சிறு சில்லு ஒன்று இருக்கிறது. ஆட்டம் ஒரே தாளத்தில் வந்தால், 'இது நடை' என்று ஊகித்து எண்ணுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

அடிஅண்ணாமலை தாண்டியதும் குழந்தை தூங்கிவிட்டதால், கணக்குப்பிள்ளை இடது தோளில் போட்டுக் கொண்டார். கடிகாரம் கட்டிய கையும் இடது கைதான். கை ஆடவில்லை, கடிகாரம் எண்ணவில்லை. திருடன் அகப்பட்டான்!

பை தூக்கினாலும், கை கூப்பி நடந்தாலும் இதே கதைதான். லிங்கத்துக்கு லிங்கம் நின்று, கூட்டத்தில் நாலு அடி நகர்ந்து மறுபடி நின்றால், அந்தச் சில்லறை அடிகளைப் பல கருவிகள் விட்டுவிடும். இடுக்குப் பிள்ளையாரிடம் ஒருக்களித்து நுழைந்து வருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மேடு பள்ளச் சாலையில் ஸ்கூட்டர் குலுங்கினால் நடக்காத அடியும் ஏறிவிடும்.

ஆளுக்கு ஆள்

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். ஓர் அடிக்கு 70 சென்டி மீட்டர் வைப்பவருக்கு 20 ஆயிரம் அடி. 50 சென்டி மீட்டர் வைப்பவருக்கு 28 ஆயிரம் அடி. அதனால் புருஷன் கணக்கையும் பெண்டாட்டி கணக்கையும் வைத்துச் சண்டை போடுவது வீண்.

'தினம் 10 ஆயிரம் அடி' என்பதும் வேத வாக்கு அல்ல. 1965-ல் ஜப்பான் கம்பெனி ஒன்று விற்ற அடிமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. அந்த எண்தான் உலகம் சுற்றியது. 2019-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 17 ஆயிரம் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், 4 ஆயிரத்து 400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் குறைவாக இருந்தது. 7 ஆயிரத்து 500-க்கு மேல் அதிக வித்தியாசம் இல்லை.

என்ன செய்யலாம்?

விரல் விட்டு 100 அடி எண்ணி நடந்து பாருங்கள். கருவி 95 முதல் 105 வரை காட்டினால் பரவாயில்லை. ஒரே கருவியை, ஒரே இடத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நேற்றைய கணக்கோடு இன்றைய கணக்கை ஒப்பிடுங்கள். இரண்டு கருவியைக் கூட்டாதீர்கள்.

டாக்டரிடம் போனால் அடியோடு நிமிடத்தையும் சொல்லுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நிமிடத்தைப் பார்க்கச் சுவர்க் கடிகாரமே போதும்.

கணக்குப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டார். மைத்துனர் இரண்டு டீக்குக் காசு கொடுத்தார். அந்தக் கணக்கில் மட்டும் தகராறு வரவில்லை!