ஆயாவிடம் கற்பதும் குலக்கல்வியும்



மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். அதனால் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே அளத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளையை எழுப்பி, கஞ்சி ஊற்றி, தலை சீவிப் பள்ளிக்கு அனுப்புவது ஆயா. இதைப் 'பிள்ளையைப் பார்த்துக்கொள்வது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதற்குள் நடக்கும் கல்வியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

குழந்தை பெறும் வயது முடிந்த பின்னும் பெண்கள் பல ஆண்டுகள் வாழ்வது விலங்குலகில் அரிது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸும் அவர் குழுவினரும் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும் அவள் உணவு தேடும் நேரம் குறைகிறது. அப்போது மூத்த பிள்ளையின் வளர்ச்சி, கிழங்கு தோண்டிவரும் பாட்டியின் உழைப்போடு சேர்ந்து நகர்கிறது. மனிதப் பிள்ளை நெடுங்காலம் பிறரைச் சார்ந்திருந்து கற்க முடிவதற்குப் பாட்டிகளும் காரணம் என்பது இதன் நீட்சி. விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நம் தெருவில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல.

ஆயா என்ன கற்பிக்கிறார்? உப்பையே எடுத்துக்கொள்வோம். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. பாத்தி பாத்தியாகக் காய்ந்து ஏறும்போது முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையும். 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். காலமெல்லாம் அளத்தில் நின்ற ஆயா இதைக் கருவியில்லாமல் தண்ணீரின் நிறத்திலும் விரல் பிசுக்கிலும் அறிவார். "ஏன் ஆயா தண்ணி செவக்குது?" என்று பிள்ளை பத்துத் தடவை கேட்டாலும் பதில் வரும். பலகையோடு நிற்கும் அம்மாவுக்கு அந்த நேரம் இல்லை. பார்ப்பது, கேட்பது, தொட்டுச் சரிபார்ப்பது எல்லாம் இந்த ஓய்ந்த நேரத்தில்தான் பழகுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் பிள்ளை வீட்டில் கற்கட்டும் என்றுதான் சொன்னது: பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுது பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஆயாவின் அறிவைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறந்துவிடுவது எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஆயாவின் கேள்வி கேட்கும் பழக்கம் பேத்திக்கு வேண்டும். ஆயாவின் கால் புண் வேண்டாம்.

தவிர, ஆயா அச்சத்தையும் சேர்த்தே கற்பிக்கிறார். அந்தத் தெருவில் எப்படி நடக்க வேண்டும், யாரிடம் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். பாமாவின் 'சங்கதி'யில் பிரசவம் பார்க்கும் பாட்டி சொல்லச் சொல்ல, பேத்தி எதிர்க்கேள்வி போடுகிறாள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பேச்சை நிறுத்துவதில்லை. அடித்து அடக்காத பெரியவரிடம்தான் பிள்ளை மறுத்துப் பேசப் பழகுகிறது.

பள்ளியோ ஆயாவைப் படிக்காதவர் என்று வாசலோடு அனுப்புகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர் பாதுகாவலர் என்கிறது சட்டம். மழைக்காலத்தில் அளம் மூடியதும் வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்களில் அந்த இடம் யாருடையது? அடுத்த முறை குழு அமைக்கும் கூட்டத்துக்கு ஓர் ஆயாவை அழைத்துப்போய்ப் பெயரை முன்மொழியுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.