சொறியறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மார்கழி வந்தா காவேரிப்பட்டினத்துல இருந்து ஓசூர் வரைக்கும் குளிர் பின்னும். காத்துல ஈரம் குறையும், தோல் வெள்ளை வெள்ளையா வறண்டு போகும். முழங்கை மடிப்பிலயும் முழங்காலுக்குப் பின்னாடியும் ராத்திரியெல்லாம் அரிக்குதா? தோல் தடிச்சு, கறுத்துப் போயிருக்கா? அது எக்ஸிமாவா இருக்கலாம். ஊர்ல கரப்பான்னு சொல்வாங்க.

தோல்மேல யாரு இருக்காங்க?

ஆரோக்கியமான தோலிலும் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கு. சும்மா இல்லை, வாடகை கொடுத்துத்தான் இருக்கு. சில வகைகள் தோலின் எண்ணெயை உடைச்சுக் கொழுப்பு அமிலமா மாத்தும். தோலின் பி.எச். 5-ஐ ஒட்டி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் மாதிரியான சில வகைகள், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வில்லனைக் கொல்லும் பொருளையே சுரக்கும்.

எக்ஸிமா உள்ள தோலில் இந்தக் காவல்காரர்கள் குறைவு என்று 2017-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் காலோ குழு காட்டியது. நோயாளியின் தோலில் இருந்தே நல்ல பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, க்ரீமில் கலந்து அவர் கையிலேயே தடவினார்கள். ஆரியஸ் குறைந்தது. 2021-ல் 54 பேரிடம் முதற்கட்டச் சோதனையும் நடந்தது.

பாசிட்டிவ் ஃபீட்பேக்

தோலுக்குச் சுவர் கட்டும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். சிலருக்குப் பரம்பரையாகவே அது குறைவு. சுவரில் விரிசல் விழுந்தால் ஈரம் வெளியே போகும், ஆரியஸ் உள்ளே வரும். அது சுரக்கும் வி8 என்ற நொதி நேரா நரம்பைத் தூண்டி அரிப்பைக் கிளப்புதுன்னு 2023-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டுபிடிச்சாங்க. அரிச்சா சொறிவோம். சொறிஞ்சா விரிசல் பெரிசாகும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச அதே லூப்தான்.

லூப்பை எங்கே வெட்டலாம்?

சாதாரண சோப்பின் பி.எச். 9-க்கு மேல. அதோட போர்வெல் உப்புத் தண்ணியும் சேர்ந்தா சுவர் இன்னும் இளகும். சோப்பைக் குறைங்க. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெயோ, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ தடவுங்க. ஓசூர் பக்கம் இன்டர்ன்ஷிப்ல சி.என்.சி. கூலன்ட் கையில படறவங்க, கழுவினதும் மறக்காம தடவுங்க.

மெடிக்கல்ல "அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணா"ன்னு கேட்டு டியூப் வாங்கறதுதான் பெரிய ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். வந்திருப்பது படர்தாமரையா இருந்தா, ஸ்டீராய்டு அதை மறைச்சு இன்னும் பரப்பிவிடும். அதனாலதான் 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தா அதே ஸ்டீராய்டு நல்ல மருந்து. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை ஒரு பஸ் தூரம்தான்.

கடைசியா ஒண்ணு. எக்ஸிமா தொத்தாது. ரூம்மேட்டுக்கு இருக்குன்னு கட்டிலைத் தள்ளிப் போடாதீங்க. அவன் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும்.